நாடகம் பார்க்கிறவளுக்கும் ஒரு கருத்து உண்டு



மாலையில் விளக்கு வைத்து, பிள்ளைகளைப் படிக்க இருத்தி, புட்டை அவித்து இறக்கிவிட்டு ஒரு பெண் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்காருகிறாள். காலை ஐந்து மணிக்கு எழும்பியவள் அவள். அரை மணித்தியாலம் ஒரு நாடகம் பார்க்கிறாள். அந்த அரை மணித்தியாலத்துக்காக அவள் வாங்கும் ஏச்சு கொஞ்சமல்ல. "உந்த அழுகை நாடகங்களைப் பார்த்துத்தான் பொம்பிளையள் கெட்டுப்போகினம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள். கோயில் திருவிழாப் பேச்சிலும் சொல்கிறார்கள். இரவிரவாகக் கிரிக்கெற் பார்க்கிற ஆண்களைப் பற்றி இப்படி யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை.

இந்த மாதம் அந்த ஏச்சைப் பற்றியும் அந்த நாடகங்களைப் பற்றியும் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். நாடகங்களுக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவற்றில் பிழைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் தகுதி, ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்காதவர்களை விட, நாள்தோறும் பார்க்கிற எங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது. அந்தத் தகுதியை நாங்கள் பயன்படுத்துகிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஐந்து பெண்பிள்ளைகளின் வீடு

உங்களில் பலருக்கு 'மெட்டி ஒலி' ஞாபகம் இருக்கும். சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை, எண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளாக வந்த நாடகம். இயக்கியவர் திருமுருகன். கோபி என்ற பாத்திரத்தில் அவரே நடித்தும் இருந்தார். தாயில்லாத ஐந்து பெண்பிள்ளைகள்: தனம், சரோ, லீலா, விஜி, பவானி. அவர்களை வளர்த்துக் கரைசேர்க்கப் பாடுபடும் தகப்பன் சிதம்பரம். அந்தத் தகப்பனாக நடித்தவர் டெல்லி குமார். நாடகத்தில் ஒரு தனிக் கதாநாயகி இல்லை. ஒவ்வொரு மகளும் ஒவ்வொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போக, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிரச்சினை. எல்லாப் பிரச்சினைகளும் கடைசியில் தகப்பன் வீட்டு வாசலுக்கே திரும்பி வரும்.

அது தொடங்கிய வருடத்தையும் நாங்கள் மறக்கமாட்டோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ9 பாதை திறந்தது. 1990 இல் தேசிய மின்சாரம் நின்றுபோன குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஜெனரேற்றர் பிடித்து, ஊரே ஒரு முற்றத்தில் கூடியிருந்து வீடியோவில் படம் பார்த்தவர்கள். அந்தப் போர்நிறுத்தக் காலத்தில்தான் பல வீடுகளுக்குத் தொலைக்காட்சி நாள்தோறும் பார்க்கிற பொருளானது. சக்தி தொலைக்காட்சி, கேபிள், டிஷ் வழியாகத் தமிழ்நாட்டு நாடகங்கள் எங்கள் விறாந்தைக்கு வந்தன. நான் அப்போது பாடசாலை மாணவி. அம்மம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் நாடகம் முடிந்தபின்னும் எழும்பாமல், சரோவின் மாமியாரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

'மெட்டி ஒலி' பற்றி அந்தக் காலத்தில் இரண்டு விதமான கருத்துகள் இருந்தன. பார்த்த பெண்கள், இது எங்கள் வீட்டுக் கதை என்றார்கள். ஆளைக் கடத்துவதும் நஞ்சு வைப்பதும் இல்லாமல், சீதனம், பெண் பார்க்க வருதல், மருமகளைக் குத்திப் பேசுதல், சகோதரிகளுக்குள் வரும் பொறாமை என்று சாதாரண வீட்டில் நடப்பதையே அது காட்டியது என்றார்கள். மற்றவர்கள், பெரும்பாலும் ஆண்கள், அதை அழுகை நாடகம் என்று பகிடி பண்ணினார்கள். மனைவி நாடகம் பார்ப்பதால் கணவனுக்குச் சோறு கிடைக்கவில்லை என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைத் துணுக்குகளிலும் சினிமா நகைச்சுவையிலும் திரும்பத் திரும்ப வந்த பகிடி.

அந்தப் பகிடிகளை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நாடகத்தை வைத்திருக்கிறார்கள். 2020 இல் கொரோனா ஊரடங்கு நேரம் சன் தொலைக்காட்சி 'மெட்டி ஒலி'யை மறுபடி ஒளிபரப்பியது. முதலில் வந்தபோது பிறந்திராத பிள்ளைகளும் தாய்மாரோடு இருந்து பார்த்தார்கள். விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021 இல் காலமானபோது, எங்கள் பக்கத்துப் பெண்கள் தெரிந்த வீட்டுப் பிள்ளை போனதுபோலக் கதைத்தார்கள். பகிடி பண்ணியவர்கள் இந்த ஒட்டுதலுக்குக் காரணம் தேடவில்லை. பார்க்கிறவர்களுக்கு மூளை இல்லை என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள்.

நாற்பத்திரண்டு கடிதங்கள்

பார்க்கிற பெண்களிடமே காரணம் கேட்டுப் பார்த்த ஒருவரைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் அறிந்துகொண்டேன். அவர் பெயர் இயன் ஆங். நெதர்லாந்து நாட்டில் இருந்த ஆய்வாளர். 1978 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'டாலஸ்' என்ற நாடகம் அப்போது நெதர்லாந்திலும் பிரபலமாக ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கிணறுகளால் பணம் குவித்த ஒரு பெரிய குடும்பம். அண்ணன் தம்பிச் சண்டை, குடிக்கு அடிமையான மருமகள், யாரையும் ஏமாற்றத் தயங்காத மூத்த மகன். பணம்தான் வேறு, பிரச்சினை எங்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்கக் குப்பை என்று படித்தவர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள்.

இயன் ஆங் ஒரு பெண்கள் சஞ்சிகையில் சிறிய விளம்பரம் ஒன்று போட்டார். 'டாலஸ்' உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள் என்று கேட்டார். நாற்பத்திரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றை வைத்து 1982 இல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது.

அவர் கண்டவற்றில் இரண்டு விடயங்கள் எங்களுக்கு முக்கியமானவை. முதலாவது, நாடகம் பிடிக்காது என்றவர்கள் தயக்கமே இல்லாமல், நிமிர்ந்து எழுதினார்கள். பிடிக்கும் என்றவர்களோ ஏதோ பிழை செய்தவர்கள் போல, சாட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்கள். எங்கள் கூட்டங்களிலும் இதைத்தானே காண்கிறோம்? "நான் உதெல்லாம் பார்க்கிறேல்லை" என்று சொல்கிறவர் தலையை உயர்த்திச் சொல்கிறார். பார்க்கிறவர், "சும்மா, மரக்கறி வெட்டேக்கை போட்டுவிடுறது" என்று குரலைத் தாழ்த்துகிறார்.

இரண்டாவது, அந்தப் பெண்கள் நாடகத்தை உண்மை என்று நம்பி ஏமாறவில்லை. அந்த மாளிகையும் எண்ணெய்க் கிணறும் தங்கள் வாழ்க்கையல்ல என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதில் வரும் துன்பத்தின் உணர்ச்சி உண்மையாக இருக்கிறது என்றார்கள். சென்னையில் நடக்கும் கதையைப் பருத்தித்துறையிலும் பளையிலும் இருந்து பார்த்து நாங்கள் கண் கலங்குவதும் இதனால்தான். வீடு வேறு, சேலை வேறு, பேச்சு வேறு. ஒரு வீட்டில் வேண்டாதவளாக நிற்கிற வேதனை மட்டும் எங்களுடையது.

ஆகவே அழுவது அறியாமை அல்ல. இடம்பெயர்ந்து, இழந்து, அழ நேரமில்லாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய பெண்களுக்கு, சரோவுக்காக அழும் சாட்டில் தனக்காகவும் கொஞ்சம் அழ இடம் கிடைக்கிறது. அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. உணர்ச்சி உண்மை என்பதால், அந்த உணர்ச்சியோடு சேர்த்து எங்களுக்குத் தரப்படும் புத்திமதியும் உண்மையாகிவிடுமா?

பகவந்தி என்ற தாய்

இதற்கு இந்தியாவில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். 1984 யூலையில் இந்தியத் தூரதர்ஷனில் 'ஹம் லோக்' என்ற இந்தி நாடகம் தொடங்கியது. நாங்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். இந்தியத் தொலைக்காட்சியின் முதலாவது பெரிய தொடர் நாடகம் அதுதான். ஏறத்தாழ பதினேழு மாதங்கள் ஓடியது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. வட இந்தியாவின் கீழ் நடுத்தரக் குடும்பம் ஒன்று: குடிகாரத் தகப்பன் பசேசர் ராம், எல்லாவற்றையும் பொறுக்கும் தாய் பகவந்தி, கலியாணம் தள்ளிப்போகும் மூத்த மகள், பட்டணத்து ஆசையில் வழி தவறும் நடு மகள், டொக்டராக விரும்பும் கடைசி மகள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பழைய நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்.

இந்த நாடகம் ஒரு நோக்கத்தோடு எடுக்கப்பட்டது. மெக்சிக்கோவில் மிகேல் சபிதோ என்பவர், மக்களுக்குச் சொல்லவேண்டிய செய்திகளைத் தொடர் நாடகத்துக்குள் வைத்துச் சொல்லும் முறையை உருவாக்கியிருந்தார். அதைப் பின்பற்றி, குடும்பத் திட்டமும் பெண்களின் உயர்வும் பற்றிச் சொல்ல இந்திய அரசு விரும்பியது. பகவந்தியை அவர்கள் ஓர் எச்சரிக்கையாகவே படைத்தார்கள். ஏச்சையும் பேச்சையும் வாய் திறக்காமல் தாங்கினால் ஒரு பெண்ணின் நிலை என்னவாகும் என்று பார்த்துப் பெண்கள் விழித்துக்கொள்வார்கள் என்பது அவர்களின் கணக்கு.

நாடகத்துக்கு இலட்சக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. பின்னர் ஆய்வாளர்கள் பார்வையாளர்களின் கருத்தை ஆராய்ந்தபோது, கணக்கு பல இடங்களில் தலைகீழாகியிருந்தது தெரிந்தது. பகவந்திதான் நல்ல பெண், இந்தியத் தாய் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும், அவளைப் போலவே நாங்களும் பொறுமையாக வாழவேண்டும் என்று கருதியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. நாடகம் எடுப்பவர் என்ன நினைத்து எடுத்தாலும், பார்க்கிறவர் அதைத் தன் வீட்டில் ஏற்கனவே கற்றுக்கொண்ட பாடத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார். பொறுமைதான் பெண்ணுக்கு அழகு என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவள், பொறுமையால் அழிந்துபோகிற பெண்ணைக் கண்டாலும் கையெடுத்துத்தான் கும்பிடுவாள்.

சரோ ஏன் பொறுத்தாள்?

ஒரு கிராமத்தில் எங்கள் மாதாந்தக் கூட்டம் ஒன்றில் இதைப் பேச்சுக்கு எடுத்தோம். சேமிப்புக் கணக்கு முடித்த பிறகு, தேநீர் குடித்துக்கொண்டே 'மெட்டி ஒலி' பற்றிக் கதை வந்தது. சரோவின் கணவன் மாணிக்கத்தை நீங்கள் அறிவீர்கள். தாய் சொல்லைத் தட்டாதவன். அந்தத் தாய் ராஜத்தின் வாய்க்கும், அவன் கோபத்துக்கும் இடையில் சரோ படும் பாட்டைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. சரோ ஏன் அவ்வளவையும் பொறுத்தாள் என்று நான் கேட்டேன்.

அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் உடனே சொன்னார்: "பொறுத்தவள்தான் பிள்ளை கடைசியிலை வாழுவாள். நாங்கள் பொறுக்கேல்லையே?"

இறுதிப் போரில் கணவனை இழந்து, தையல் மெசினோடு இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற ஒரு சகோதரி அதை மறுத்தார். "அம்மா, சரோவா நடிச்ச பிள்ளை பொறுத்ததுக்குக் காசு வேண்டினது. அடி விழேக்கை கமராவை நிப்பாட்டலாம். என்ர தங்கச்சி சும்மா பொறுக்கிறாள். அவளுக்கு ஆர் நிப்பாட்டுறது?"

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, அதுவரை வாய் திறக்காதிருந்த இன்னொரு தாய் மெதுவாகக் கேட்டார்: "என்ர மகளும் ரெண்டு தரம் வந்தவள். பொறுத்துப் போ எண்டு நான்தான் திருப்பி அனுப்பினான். நான் செய்தது பிழையோ, அக்கா?" அவர் என்னைக் கேட்கவில்லை. தையல் மெசின்காரச் சகோதரியைத்தான் கேட்டார்.

இருபது வருடங்களுக்கு முன் முடிந்த ஒரு நாடகத்தைப் பற்றிய பேச்சு அது. ஆனால் அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஒரு பெண் அடிவாங்குகிறாள் என்ற செய்தி அந்தப் பேச்சால்தான் வெளியே வந்தது. நேரே கேட்டிருந்தால் அந்தத் தாய் சொல்லியிருக்கமாட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் எதுவும் பேசவில்லை. கடைசி வரிசையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள்.

நோய் மாறினால் வியாபாரம் இல்லை

நாடகங்களில் பெண்களின் துன்பம் ஏன் முடிவதே இல்லை என்று நீங்கள் யோசித்ததுண்டா? இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1930களில் றேடியோவில் பகல் நேரத் தொடர் நாடகங்கள் தொடங்கியபோது, அவற்றுக்குப் பணம் கொடுத்தவை சவர்க்காரக் கம்பனிகள். வீட்டில் சவர்க்காரம் வாங்குகிறவள் பெண் அல்லவா? அதனால் அந்த நாடகங்களுக்குச் சவர்க்கார நாடகம் என்றே பெயர் வந்துவிட்டது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் அதே கணக்குத்தான். சன் தொலைக்காட்சி நீண்ட காலம் ஒளிபரப்பு நேரத்தைத் தயாரிப்பாளர்களுக்கு விற்க, அவர்கள் விளம்பரம் பிடித்து அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளும் முறை இருந்தது. பார்வையாளர் கூடக்கூட விளம்பரப் பணமும் கூடும். நாடகம் நீளவேண்டும் என்றால் பிரச்சினை நீளவேண்டும். மருமகள் பத்தாவது பகுதியிலேயே பொலிசுக்குப் போய்விட்டால் பதினோராவது பகுதிக்குக் கதை இல்லை.

நாடகத்துப் பெண்ணின் பொறுமையில் ஒரு பகுதி அவளின் குணம். மறு பகுதி தயாரிப்பாளரின் தேவை. இது தெரிந்துகொண்டு பார்த்தால், அவளின் பொறுமையை வாழ்க்கைக்கு வழிகாட்டியாக எடுக்கலாமா என்பதும் தெரிந்துவிடும்.

ஆதி குணசேகரனை ரசித்தது யார்?

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்பட்டது 'எதிர்நீச்சல்'. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' நாடகத்தை இயக்கிய திருச்செல்வம்தான் இதையும் இயக்கினார். 2022 பெப்ரவரியிலிருந்து 2024 யூன் வரை ஓடியது. இரண்டாம் பாகமும் 2024 டிசம்பரில் தொடங்கியது. படித்த பெண்களைத் தேடிக் கலியாணம் செய்துவந்து, குசினியில் அடைத்து வைக்கிற அண்ணன் தம்பிகளின் வீடு. அந்த வீட்டை ஆளுகிற மூத்தவன் ஆதி குணசேகரன். அதில் நடித்தவர் மாரிமுத்து. அவர் 2023 செப்ரெம்பர் 8 ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். அவருக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார்.

இந்த நாடகத்துக்குப் பாராட்டு நிறையக் கிடைத்தது. மாமியார் மருமகள் சண்டையை விட்டு, பெண்கள் ஒன்றுசேர்ந்து ஆணின் அதிகாரத்தை எதிர்ப்பதைக் காட்டியது, முதிய அப்பத்தாவின் பெயரில் உள்ள நாற்பது வீதச் சொத்தை வைத்துப் பெண்ணின் சொத்துரிமையைப் பேசவைத்தது என்றெல்லாம் எழுதினார்கள். அது நியாயமான பாராட்டு.

ஆனால் பிரபலமானவன் யார்? பெண்களைப் பார்த்து "ஏய், இந்தாம்மா" என்று அதட்டுகிற குணசேகரன்தான். அந்த அதட்டல் கைத்தொலைபேசியெங்கும் பரவியது. பெடியன்கள் அதைப் பகிடியாகச் சொன்னார்கள். சில வீடுகளில் கணவன்மாரும் சொன்னார்கள். மாரிமுத்து நல்ல நடிகர். அவர் நடிப்பை ரசித்ததில் பிழையில்லை. ஆனால் பகவந்திக்கு நடந்தது இங்கே மறுபக்கமாக நடந்தது. எச்சரிக்கையாகக் காட்டப்பட்ட பெண்ணை அங்கே கும்பிட்டார்கள். எச்சரிக்கையாகக் காட்டப்பட்ட ஆணை இங்கே கைதட்டி ரசித்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது பகிடிக்கு "இந்தாம்மா" என்று அதட்டும்போது வீட்டில் உள்ள பெண்பிள்ளையின் முகத்தை ஒருதரம் பாருங்கள். அவள் சிரிக்கிறாளா என்று பாருங்கள்.

திரையில் இல்லாத நாங்கள்

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். இந்த நாடகங்களில் எங்கள் ஆட்கள் இல்லை. ஒரு காலத்தில் இருந்தார்கள். 1970களில் இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் நாடகத்தை எங்கள் தாய்மார் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், யாழ்ப்பாணத்துப் பேச்சு. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'எந்தையும் தாயும்' மேடை நாடகம், பிள்ளைகள் வெளிநாடு போக ஊரில் தனித்துவிடப்பட்ட பெற்றோரின் கதையைச் சொன்னது. பார்த்தவர்கள் தங்கள் வீட்டையே மேடையில் கண்டார்கள்.

இன்று மாலையில் நாங்கள் பார்க்கிற நாடகங்களில் விதவை என்றால் ஒரே ஒரு விதமான விதவைதான். பொட்டை அழிப்பதையும் வளையலை உடைப்பதையும் சோக இசையோடு நீட்டி நீட்டிக் காட்டுவார்கள். அதன்பிறகு அவள் வெள்ளைச் சேலையோடு சுவரோரம் நிற்பாள், அல்லது யாராவது இரக்கப்பட்டுத் தாலி கட்ட வருவார். வடக்குக் கிழக்கில் ஏறத்தாழ 89,000 விதவைகள் இருப்பதாக 2010 இல் அரச தரப்பு சொன்னது. அவர்களில் எத்தனை பேர் சுவரோரம் நின்றார்கள்? மீன் விற்றார்கள், கல் சுமந்தார்கள், வெங்காயம் நட்டார்கள், வழக்குக்கு அலைந்தார்கள், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினார்கள்.

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. அவள் பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் ஒரு கதை. கலியாண வீட்டில் அவளை முன்னுக்கு விடுவதா பின்னுக்கு நிறுத்துவதா என்று சபையில் உள்ளவர்கள் முகம் பார்ப்பார்கள். அவளுக்கு எந்த நாடகமும் வழி காட்டவில்லை. ஆனால் அவளைப் பின்னுக்கு நிறுத்துகிற பழக்கத்தை மட்டும், பொட்டழிக்கும் காட்சிகள் மாலைதோறும் எங்கள் மனதில் புதுப்பிக்கின்றன. நாங்கள் அந்தக் காட்சிக்கு அழுதுவிட்டு, மறுநாள் பக்கத்து வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவில் அதே பெண்ணை ஆரத்தித் தட்டிலிருந்து விலக்கினால், எங்கள் கண்ணீருக்கு என்ன மதிப்பு?

நாங்கள் செய்யக்கூடியது

நாடகம் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. தனியே பார்த்துவிட்டுத் தனியே படுக்கப் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில், சேமிப்புக் குழுவில், கிணற்றடியில் நாடகத்தைப் பற்றிக் கதையுங்கள். கதைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த வாரம் நாடகத்தில் வீட்டு விடயத்தை முடிவெடுத்தது யார்? நல்ல பெண் என்று யாரைக் காட்டினார்கள், எதற்காக அவள் நல்லவள்? அவள் உங்கள் மகளாக இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல வரும்போது, நாடகத்தில் பெரும்பாலும் வராத ஒரு விடயத்தையும் தெரிந்து வைத்திருங்கள். எங்கள் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி உதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதும் அதில் அடங்கும். கணவனுக்கு எதிராக மட்டுமல்ல, கணவனின் தாய் தகப்பனுக்கு எதிராகவும் பாதுகாப்புக் கேட்கலாம். நீதவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். பாதிக்கப்பட்ட பெண்ணுக்காகப் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் பேசலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் தொலைபேசி எடுக்கலாம்.

2019 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் கணவனோடு அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவர்களாலேயே உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். ஐந்து பெண்பிள்ளைகளின் கதையாகிய 'மெட்டி ஒலி'யை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஐந்து பேரில் ஒருவர். பதினைந்து பேர் கூடுகிற கூட்டத்தில் மூன்று பேர் இருக்கலாம். அவர்கள் தாங்களாக எழும்பிச் சொல்லமாட்டார்கள். ஆனால் சரோவைப் பற்றிக் கதைக்கும்போது யார் குரல் தழுதழுக்கிறது, யார் பேச்சை மாற்றுகிறார், யார் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று கவனித்தால் உங்களுக்கு விளங்கும். அப்போது அவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். உடனே புத்திமதி சொல்ல வேண்டாம். பொறுத்துப் போ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உங்கள் குழுவில் இப்படி நடந்த பேச்சுகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. எந்த நாடகம், எந்தப் பெண், நீங்கள் அவளாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எழுதினால் போதும். வரும் மாதங்களில் அந்தக் கடிதங்களிலிருந்து பேசுவோம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம், சகோதரிகளே.